கைப்பிடி இல்லாத கண்ணாடி

மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், அந்தப் பழைய பள்ளிக்கூட வேனை லாரியில் கயிறு கட்டி இழுத்துவந்து பட்டறைக்குள் விட்டார்கள். லாரிக்காரன் கயிற்றை அவிழ்த்த அவசரத்தைப் பார்த்தால், இதுவரை செத்த பாம்பை வாலைப் பிடித்து இழுத்துவந்தவன் மாதிரி இருந்தது. டீ குடிக்கிறாயா என்று கேட்டதற்குக்கூட நிற்கவில்லை.

"வழியெல்லாம் எவனோ வாயால ஹாரன் அடிக்கிறான்யா," என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டான்.

மெக்கானிக் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் ஏற்கெனவே கோபத்தில் இருந்தார். எப்போதுமே ஏதாவது ஒரு கோபத்தில் இருப்பவர் என்பதால் அந்த வட்டாரத்தில் அவருக்கு சிடுமூஞ்சி என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவரும் சிடுசிடுவென்று "என்ன?" என்பார். ஆனால் அன்றைய கோபம் பழக்கதோஷத்தில் வருகிற கோபம் இல்லை. மறுநாள் காலையிலிருந்து அந்த வேனை ஓட்டப்போவது அவருடைய மனைவி.

அவள் அதே வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் உதவியாளாகச் சில வருஷம் இருந்தவள். கையோடு கையாக ஓட்டவும் கற்றுக்கொண்டு லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தாள். டிரைவர் இடம் காலியானதும் கேட்டாள், கொடுத்துவிட்டார்கள். இடம் காலியானதற்குக் காரணம், பழைய டிரைவர் செத்துப்போனது. செத்தது இதே வேனில். இதே சீட்டில்.

அந்த டிரைவரைப் பிள்ளைகள் பாம்பாம் மாமா என்று கூப்பிடுவார்கள். வேனின் ஹாரன் கெட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டு அலுத்துப்போய், மனுஷன் ஜன்னல் வழியே தலையை நீட்டி வாயாலேயே "பாம்... பாம்" என்று அடித்துக்கொண்டு போவார். மாடு ஒதுங்கும், சைக்கிள் ஒதுங்கும், பிள்ளைகள் சிரித்துப் புரளும்.

வேனின் சொந்தக்காரரை எல்லோரும் தலைவர் என்பார்கள். எத்தனை சங்கத்துக்குத் தலைவர் என்று கேட்டால் அவரே விசிட்டிங் கார்டை எடுத்துப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். கார்டின் முன்பக்கம் போதாமல் பின்பக்கத்துக்கும் பட்டங்கள் வழிந்திருந்தன. மைக் இல்லாத இடத்தில் அவர் பேசினாலும், எங்கேயோ ஒரு மைக் இருப்பதுபோல ஒரு இடைவெளி விட்டுத்தான் ஆரம்பிப்பார்.

போன மாதம் சாலைப் பாதுகாப்புக் கூட்டம் ஒன்று நடந்தது. தலைவர்தான் சிறப்பு விருந்தினர். எளிமையைக் காட்டுவதற்காகத் தன் காரை வீட்டில் நிறுத்திவிட்டு இந்த வேனில் போய் இறங்கினார். எளிமை போட்டோவில் நன்றாகவே விழுந்தது. இறங்கும்போது டிரைவரிடம், "எஞ்சினை நிறுத்தாதே," என்றார். பேட்டரி பலவீனம். நிறுத்தினால் நாலு பேர் தள்ளவேண்டும். சிறப்பு விருந்தினரின் வண்டியைச் சபைக்கு முன்னால் தள்ளினால் என்ன ஆவது?

வெளியே அடைமழை. உள்ளே தலைவர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். கூட்டம் முடிந்து கேடயத்தோடு வெளியே வந்தபோது, டிரைவர் ஸ்டீயரிங்கில் தலை சாய்த்துக் கிடந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

நெஞ்சு வலி என்றார் தலைவர். அதோடு விட்டாரா? "நோயை மறைச்சு வண்டி ஓட்டியிருக்கான். பிஞ்சுக் குழந்தைங்க உயிரோட விளையாடியிருக்கான்," என்று இரங்கல் கூட்டத்திலேயே சொன்னார். டிரைவரின் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் அவள் தெருவில் தலை நிமிர்ந்து நடந்து யாரும் பார்க்கவில்லை.

"அந்த வேலை உனக்கு வேணாம்," என்று சிடுமூஞ்சி எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார்.

"நான் ஓட்டத்தான் போறேன். ஏதோ ஓட்டை இருக்குன்னு உங்களுக்குத் தோணுதில்ல? அடைச்சுக் குடுங்க. அதுக்குத்தானே பட்டறை போட்டிருக்கீங்க? என்கிட்ட கத்தறதுக்கா?"

பதில் இல்லாத இடத்தில் சிடுமூஞ்சி கத்துவார். கத்தினார். அவள் குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பக்கம் போய்விட்டாள்.

ஆக, வேன் இப்போது பட்டறைக்குள் நின்றது. சாரல் அடிக்கிறதென்று ஷட்டரை முக்கால்வாசி இறக்கினார். அதே நேரம் கரண்ட் போயிற்று. பட்டப்பகலில் பட்டறைக்குள் இருட்டு வந்து உட்கார்ந்தது.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினார். அந்தக் காலத்து வேன்களில் எஞ்சின், டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், ஒரு பெட்டி மாதிரி மூடிக்கு அடியில் இருக்கும். மூடியைத் தூக்கினால் மடியில் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பதுபோலத்தான். வசதிதான். ஆனால் எஞ்சினில் எங்கே கசிந்தாலும் அது நேராக டிரைவரின் மூக்குக்குப் போகும்.

மூடியைத் தூக்கியதும் அந்த வாடை வந்தது.

எரிந்த டீசல், வெந்த ரப்பர். அதற்கடியில், ஈரச் சட்டையின் வியர்வை வாடை. ஒரு மாதமாக ஓடாத வண்டியில் புகை வாடை இப்படிப் புதுசாக இருக்கக் கூடாது.

இன்ஜெக்டர்களைச் சுற்றித் தார் ஊற்றியது மாதிரி கறுப்பாக இறுகிக் கிடந்தது. "ஹூம்," என்றார். அவருக்குப் புரிந்துவிட்டது. இன்ஜெக்டர் என்பது எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் குழல். அது உட்காரும் குழியின் அடியில் ஒரு செம்பு வாஷர் இருக்கும். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். அதுதான் உள்ளே எரிகிற நெருப்பையும் புகையையும் வெளியே விடாமல் காக்கிறது. அது சரியாக இல்லையென்றால் எஞ்சின் ஓடும்போதெல்லாம் 'புஸ்... புஸ்' என்று ஊதும். ஊதுவது முழுக்க வண்டிக்குள்ளே.

பேட்டரியைக் கழற்றிக் கீழே வைத்தார். சாவியைச் சட்டைப் பையில் போட்டார். இன்ஜெக்டர்களை ஒவ்வொன்றாக ஆட்டி ஆட்டி உருவி மேஜையில் துணி விரித்து வைத்தார். வளைத்த கம்பியைக் குழிக்குள் விட்டுப் பழைய வாஷரை எடுத்தார். முதல் குழியில் ஒன்று. இரண்டாவதில் ஒன்று.

மூன்றாவது குழியில் ஒன்றை எடுத்தபின்னும் கம்பி எதிலோ தட்டியது.

அடியில் இன்னொன்று.

பழைய வாஷரை எடுக்காமல், எடுக்கச் சோம்பல்பட்டு, அதன் தலையிலேயே புதுசை வைத்து இறுக்கியிருக்கிறார்கள். ஒன்றின்மேல் ஒன்று இருந்தால் எதுவும் சரியாகப் படியாது. இறுக்க இறுக்கக் கசியும். கைத்தொழில் தெரிந்தவன் குடிபோதையில்கூடச் செய்யமாட்டான். தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருப்பவன்தான் செய்வான்.

"எந்த நாய் செஞ்ச வேலைடா இது?" என்று டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு கத்தினார்.

பின் சீட்டில் யாரோ இருமினார்கள்.

டார்ச் கையிலிருந்து நழுவி எஞ்சினுக்குள் விழுந்தது. இருட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தார். மழைச் சத்தம் தகரக் கூரைமேல். வேறு ஒன்றும் இல்லை. கையை விட்டு டார்ச்சைத் துழாவி எடுத்துப் பின்னால் அடித்தார். காலி சீட்டுகள். எல்லாவற்றுக்கும் பளபளவென்று புதுக் கவர்.

விளக்கொளி டிரைவர் பக்கத்துக் கதவில் வந்து நின்றது. கண்ணாடி இறக்கும் கைப்பிடியைக் காணோம். கைப்பிடி மாட்டுகிற பல்வைத்த மொட்டை முளை மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. எதிர்க் கதவிலும் அப்படித்தான்.

அந்த முளையைச் சுற்றி உலோகம் கீறிக் கிடந்தது. யாரோ வெறும் விரலால் அதைத் திருப்பப் பார்த்திருக்கிறார்கள். ஒரு நகத்தின் துணுக்கு அதில் இன்னும் மாட்டிக்கொண்டிருந்தது.

அவர் இறங்கிவிட்டார். பயந்து இறங்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கினார்.

ஷட்டருக்கு அடியில் பளபளப்பான செருப்பு இரண்டு தெரிந்தன. மேலே குடை. தலைவர் குனிந்து உள்ளே வந்தார். மனுஷன் வாழ்க்கையில் குனிந்தது அநேகமாக அந்த ஷட்டருக்குத்தான்.

"என்னப்பா, முடிஞ்சுதா? நாளைக்குக் காலையில பூங்கொத்து குடுத்து வழியனுப்பறோம். பெண் ஓட்டுநர். பத்திரிகைல வருது."

"இதுக்கு முன்னாடி இன்ஜெக்டர் வேலை பார்த்தது யாரு?"

தலைவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "வேற யாரு? நானே இறங்கிப் பார்த்தேன். நானும் ஒருகாலத்துல ஸ்பேனர் பிடிச்சவன்தானே? அன்னைக்குச் சட்டைகூட அழுக்காகல."

"பழைய வாஷரை எடுக்கவே இல்லை நீங்க."

"எதுக்கு எடுக்கணும்? ஒண்ணுக்கு ரெண்டா இருந்தா பலம்தானே?"

சிடுமூஞ்சியின் காது சூடேறியது. "கண்ணாடிக் கைப்பிடி எங்க?"

"பத்திரமா வீட்டுல வெச்சிருக்கேன். புதுசா சீட்டு கவர் போட்டா, மழைல ஜன்னலைத் திறந்து வெச்சு நனைக்கறாங்க. டிரைவர்களுக்குப் பொறுப்பே இல்லை."

"யோவ், மூடின வண்டிக்குள்ள புகையை ஊதவிட்டு ஆளைக் கொன்னிருக்கீங்க! அந்தப் புகை எழுப்பிவிட்டுக் கொல்லாது. தாலாட்டித்தான் கொல்லும்."

"வார்த்தையை அளந்து பேசு. நெஞ்சு வலி. நான் சொன்னா சொன்னதுதான்." தலைவர் வேனின் கதவைத் திறந்தார். "புகையாம், புகை. இதோ, நானே உட்கார்றேன். எங்கே இருக்கு வாடை?" டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, மேடை நாற்காலியில் சாய்வதுபோலச் சாய்ந்து, சாரல் படாமல் கதவைச் சாத்திக்கொண்டார்.

கதவு சாத்தியபின், அதன் பூட்டுக் குமிழ் தானாகக் கீழே இறங்கியது.

டக்.

சிடுமூஞ்சி மேஜையைப் பார்த்தார். இன்ஜெக்டர்கள் துணிமேல் வரிசையாகக் கிடந்தன. பேட்டரி தரையில். சாவி சட்டைப் பையில்.

எஞ்சின் ஓட ஆரம்பித்தது.

புஸ்... புஸ்... புஸ்...

வண்டி மெல்ல நடுங்கியது. குழல் இல்லாத குழிகளிலிருந்து கறுப்பாகப் புகை எழும்பி, தலைவரின் வெள்ளைச் சட்டையைச் சுற்றிக்கொண்டது. அவர் முதலில் கதவைத் தட்டினார். அப்புறம் குத்தினார். அப்புறம் இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடியில் வைத்து அழுத்தினார்.

அந்தக் கைகளுக்குப் பக்கத்தில், கரிபடிந்த கண்ணாடியில், மூன்றாவதாக ஒரு கை பதிந்தது.

அதன் ஆள்காட்டி விரலில் நகம் இல்லை.

சிடுமூஞ்சியின் கைக்கெட்டும் தூரத்தில் சுத்தியல் இருந்தது. எடுத்தார். எடுத்துக்கொண்டு நின்றார். நாளைக்கு அந்தச் சீட்டில் உட்கார இருந்தவள் முகம் கண்ணுக்குள் வந்தது. கண்ணாடியை உடைக்க ஒரு வீச்சு போதும். அவர் கை ஏறவில்லை. பயத்தால் இல்லை.

"ஏங்க! சும்மா நின்னு வேடிக்கை பார்க்கிறீங்க?"

ஷட்டருக்கு அடியில் நுழைந்து, சொட்டச் சொட்ட அவர் மனைவி நின்றாள். வண்டியைப் பார்த்தாள். கண்ணாடியில் மூன்று கைகளைப் பார்த்தாள். அவள் கத்தவில்லை. அருகில் போய், ஜன்னலுக்கு வாயை வைத்து, பிள்ளைகள் தூங்கும்போது பேசுகிற குரலில் சொன்னாள்.

"அண்ணே. நான்தான், தங்கச்சி. கொஞ்சம் இறக்குங்கண்ணே."

புஸ்... புஸ்...

கைப்பிடி இல்லாத அந்த மொட்டை முளை, உள்ளே, மெல்லத் திரும்பியது. கண்ணாடி ஒரு விரல் அகலம் இறங்கியது.

தலைவர் மூக்கை அந்த இடுக்கில் சொருகி மூச்சை இழுத்தார். இரண்டு இழுப்பு காற்று உள்ளே போனதும், பழைய வியாதி தலைகாட்டியது. "எதிர்பாராத விதமாக ஏற்பட்டுள்ள இந்த இடர்ப்பாட்டினை..."

கண்ணாடி ஏறியது. மூக்கை உருவிக்கொள்ள மட்டுமே நேரம் இருந்தது.

சிடுமூஞ்சியும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் கண்ணாடியைத் தட்டினாள். "மேடைப் பேச்சு வேணாம். நடந்ததைச் சொல்லுங்க. மனுஷன் மாதிரி சொல்லுங்க."

உள்ளேயிருந்து அமுங்கிய குரல். "கைப்பிடியை நான்தான் கழட்டினேன்!"

முளை திரும்பியது. விரல் அகலம்.

"சீட்டு கவர் நனையுதுன்னு கழட்டினேன்."

இன்னொரு விரல் அகலம்.

"இருந்தபோதிலும், ஒரு நிர்வாகத்தின் கண்ணோட்டத்தில்..."

சர்ரென்று மேலே.

"இல்ல! இல்லப்பா! வாஷர் நான்தான் போட்டேன். பழசை எடுக்கல. எடுக்கத் தெரியல எனக்கு!"

இறங்கியது.

"நெஞ்சு வலின்னு நான்தான் கட்டிவிட்டேன். அவனுக்கு நோயே இல்லை."

இறங்கியது. பாதியில் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. எதற்கோ காத்திருப்பதுபோல.

தலைவரின் தலை தொங்கியது. குரல் வெறும் காற்றாக வந்தது. "கூட்டத்துக்கு நடுவுல ஆளனுப்பினான். தலை சுத்துது, எஞ்சினை நிறுத்திக்கறேன்னு கேட்டு. நடிக்காதே, வண்டியை விட்டு இறங்காதேன்னு சொல்லியனுப்பினேன்."

புகைக்குள், பின் சீட்டிலிருந்து, ஒரு நீண்ட மூச்சு கேட்டது.

கண்ணாடி அடிவரை இறங்கிற்று. எஞ்சின் நின்றது. குமிழ் மேலே குதித்தது. கதவு திறந்துகொண்டது. பட்டங்கள் அத்தனையோடும் தலைவர் குப்புற வந்து தரையில் விழுந்தார்.

"அவங்க வீட்டுல போய் இதைச் சொல்லணும். இதே மாதிரி," என்றாள் அவள்.

"சொல்றேன், சொல்றேன்," என்று தலைவர் தவழ்ந்தபடியே ஷட்டரைத் தாண்டினார்.

அன்றைக்கே சிடுமூஞ்சி குழிகளைச் சுரண்டித் துடைத்து, புது வாஷர்களை ஒன்றொன்றாகக் கிரீஸ் தடவி உட்காரவைத்தார். தலைவர் வீட்டிலிருந்து கைப்பிடிகள் வந்து சேர்ந்தன. ஷோகேஸில் கேடயங்களுக்கு நடுவே இருந்தனவாம். ஹாரனையும் மாற்றினார். மூன்றாவது குழியில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்த அந்தப் பழைய வாஷர் ஜோடியை மட்டும் தூக்கிப்போட மனம் வராமல், மேஜைக்கு மேலே ஓர் ஆணியில் மாட்டிவைத்தார். மனைவி வேனை ஓட்டினாள். வாடை இல்லை, இருமல் இல்லை. மழை நாளில் மட்டும், அவள் தொடாமலே கைப்பிடி சுற்றி, கண்ணாடி கொஞ்சம் இறங்கும் என்றாள். "போதும்ணே," என்றால் நின்றுவிடுமாம்.

தலைவர் டிரைவர் வீட்டுக்குப் போனாரா? மைக் இருக்கிற இடத்துக்குப் போனார். பட்டறைக்காரரின் கவனக்குறைவால் தமக்கு மயக்கம் ஏற்பட்டதாகவும், ஆனாலும் தாம் மன்னித்துவிட்டதாகவும் பேசினார். நோயை மறைத்த ஓட்டுநர்களால் வரும் ஆபத்து பற்றியும் தொட்டுக்காட்டினார். கைதட்டினார்கள். டிரைவரின் மனைவி கூட்டத்துக்கு வரவில்லை. ஆனால் ஒலிபெருக்கி அவள் தெருவரை கட்டியிருந்தார்கள்.

அடுத்த மழைக்கு ஒரு புதுக் கார் பட்டறை வாசலில் வந்து நின்றது. பேட்டரியில் ஓடுகிற கார். ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடக்க, தலைவர் காருக்குள்ளே குடை பிடித்தபடி நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா இது, டீசல் வாடை வருது," என்றார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"இதுல டீசல் ஏது? எஞ்சினே கிடையாதே."

"ஜன்னலை மூடினா வருதுப்பா."

சிடுமூஞ்சி முன் மூடியைத் திறந்தார். எஞ்சின் இருக்கவேண்டிய இடம் காலி. பெட்டி வைக்கிற பள்ளம். அந்தப் பள்ளத்தின் நடுவில், கறுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு செம்பு வாஷர்.

திரும்பித் தன் மேஜையைப் பார்த்தார். ஆணி காலியாக இருந்தது.

"அவங்க வீட்டுக்குப் போனீங்களா?" என்றார் மெதுவாக.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஓர் இடைவெளி விட்டார். "சம்பந்தப்பட்ட குடும்பத்தாரை உரிய தருணத்தில் நேரில் சந்தித்து..."

ஜன்னல்கள் எல்லாம் ஒரே நேரத்தில், நிதானமாக மேலே ஏறத் தொடங்கின. குடை இடுக்கில் மாட்டி முறிந்தது. கதவுகள் டக்கென்று பூட்டிக்கொண்டன.

எஞ்சின் இல்லாத காருக்குள்ளிருந்து வந்தது.

புஸ்... புஸ்... புஸ்...

பின் சீட்டிலிருந்து யாரோ வாயால், ரொம்ப மெதுவாக, "பாம்... பாம்," என்றார்கள்.

சிடுமூஞ்சி கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "நடந்ததைச் சொன்னா திறக்கும். தெரியுமில்ல?" என்று கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்த கரியைப் பார்த்துச் சொன்னார்.

சுத்தியல் மேஜைமேல்தான் இருந்தது. இந்தத் தடவை அவர் அதை எடுக்கவே இல்லை.